நான் பார்க்காத பதினொரு பேர்

இந்த நாட்டில் நிலத்துக்குக் கீழேயும் பாதி வீடு இருக்கிறது. இங்குள்ள உங்களுக்குத் தெரியும், ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சென்ற மாதம் எங்கள் பேஸ்மென்டில் தண்ணீர் ஏறியது. பதின்மூன்று படிகளில் நான்கு நனைந்தன. காப்புறுதிக் கம்பனியிலிருந்து வந்தவர், தண்ணீர் எங்கிருந்து வந்தது, பார்த்தீர்களா என்று கேட்டார். குழாய் வெடித்திருந்தால் பணம் தருவார்கள். தரையிலுள்ள கழிவுத் துவாரத்தால் மேலேறியிருந்தால் அது விலக்கு, தரமாட்டார்கள். துவாரத்தால் கொப்பளித்து வந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். “ஒன்றையும் பார்க்கவில்லை” என்றேன். எனக்குக் கண் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, “நோ ப்ராப்ளம், சேர்” என்று உரத்துச் சொல்லி, கண்டதை எழுதும்படி ஒரு படிவத்தைத் தந்துவிட்டு, என் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார்.

“இஞ்சையுமோ?” என்றாள் மனைவி.

யுத்த காலத்தில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். துறைமுகத்தில் கப்பல் மூட்டைகளை எண்ணும் கிளாக்கராக எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஒரு பின்னேரம் தமிழர் வீடென்று எங்கள் வீட்டைக் கொளுத்தினார்கள். பின்மதிலுக்கு மேலால் பார்த்தேன். பதினொரு பேர். பொலிஸ் புத்தகத்தில் ‘தீ’ என்று மட்டும் எழுதினார்கள். கூட்டம் என்று எழுத மறுத்துவிட்டார்கள். நாங்கள் வெள்ளவத்தையில் ஓர் அறைக்குப் போனோம். காப்புறுதிப் பத்திரம் கந்தோர் மேசை லாச்சியில் இருந்ததால் தப்பியது. தீக்கு நட்டஈடு உண்டு, கலவரத்தால் வந்த தீக்கு இல்லை என்று அதில் இருந்தது. கம்பனி மறுத்தது. வழக்குப் போட்டோம்.

புதுக்கடை நீதிமன்றத்தில் எங்கள் சட்டத்தரணி ஹனீபா விளக்கினார். “வீடு எரிஞ்சதக் காட்டுறது உங்கட வேல. கூட்டம் வந்து எரிச்சதுண்டு காட்டுறது அவங்கட வேல. விலக்குச் சொல்றவன்தான் அத நிரூபிக்கணும். கோட்டு அப்பிடித்தான் பார்க்கும்.”

“அப்ப நான் கண்டது?”

“பொலிஸே காணல்ல, கிளாக்கர். உங்களுக்கு மட்டும் என்ன விசேஷக் கண்ணாடியா?”

நான் சாட்சிக் கூண்டில் ஏறியதும் கம்பனியின் சட்டத்தரணி சிரித்துக்கொண்டு கேட்டார். “இருபத்திரண்டு வருடம் எண்ணியவர் நீங்கள். எத்தனை பேர் வந்தார்கள்?”

“ஒருவரையும் பார்க்கவில்லை.”

சத்தியம் செய்த பிறகுதான் சொன்னேன். அவர்களிடம் வேறு சாட்சி இல்லை. விலக்கு நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பணத்தில்தான் விமானம் ஏறினோம்.

இங்கே அகதி விசாரணையில் பதினொரு பேர் என்றேன். வீடு எரிந்ததற்குச் சான்றாக நாங்களே கொடுத்திருந்த தீர்ப்பின் பிரதியை அதிகாரி என் பக்கம் தள்ளினார். “எந்த நாட்டில் பொய் சொன்னீர்கள்?”

“அங்கே” என்றேன். அவர் நம்பவில்லை. மனைவியைப் புதுக்கடையில் ஒருவரும் கூண்டில் ஏற்றவில்லை. அதனால் அவளுடைய சொல்லை நம்பினார்கள். அவளுடைய கணவன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. அந்த மேசையில் ஏழு பேனைகள் இருந்தன.

படிவம் மூன்று நாள் குசினி மேசையில் கிடந்தது. நான்காம் நாள் மனைவி அதை என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். “தண்ணியைப் பற்றித்தானே கேக்கிறாங்கள். இந்த முறை கண்டதை எழுதுங்கோ. கீழ் வீடு ஊறினால் ஊறட்டும்.”

எழுதினேன். கழிவுத் துவாரத்தால் வந்தது, நான்கு படிகள். கம்பனி ஒன்றும் தராது. கையெழுத்துப் போடும்போது, முன்பு சாட்சி சொல்லிக் கையெழுத்திட்ட இரண்டு தாள்களும் நினைவுக்கு வந்தன. புதுக்கடைக் கோப்பில் ஆளில்லாத வாசலில் எங்கள் வீடு எரிகிறது. இங்குள்ள கோப்பில் அதே வாசலில் பதினொரு பேர் நிற்கிறார்கள். இரண்டின் கீழும் இதே கையெழுத்து.