விற்றதாக எழுதப்பட்ட பதினோரு லாரிகள்

ஓரகடத்தில் பிரேக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் நான் சுயேச்சை இயக்குநர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்த பதவி. கம்பெனியில் எனக்குப் பங்கு கிடையாது, முதலாளி உறவும் கிடையாது. ஆண்டுக் கணக்கு வெளியே போகுமுன் தணிக்கைக் குழுவில் உட்கார்ந்து அதற்குச் சம்மதிக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த ‘அவ்வளவுதான்’ என்னைச் சரியாகச் சாப்பிடவிட்டதில்லை.

எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. கூட்ட அறையில் நாற்காலிகளை எண்ணுவேன். பந்தியில் இலைகளை எண்ணுகிறேன் என்று மனைவி திட்டுவாள். ஏப்ரல் மூன்றாம் தேதி வாலாஜாபாத்தில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு மறைமலை நகரில் உள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வாடகைக் கார்க்காரர் ஓரகடத்தில் டீக்கு நிறுத்தினார். கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் லாரிகள் நின்றன. எண்ணினேன், பதினொன்று. தார்ப்பாய் விலகிய இடங்களில் தெரிந்த நீல ட்ரேக்களில் எங்கள் கம்பெனியின் பெயர் இருந்தது.

இந்தப் பக்கம் லாரி நிற்பது அதிசயமில்லை. கார் தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய நேரத்தில்தான் சரக்கை உள்ளே விடும். அதுவரை வண்டிகள் அவர்களுடைய கேட்டுக்கு வெளியே காத்துக் கிடக்கும். ஆனால் இது அவர்களுடைய கேட் இல்லை. எங்கள் கம்பெனியின் பின்சுவர் அங்கிருந்தே தெரிந்தது. தார்ப்பாய்க் கயிறுகளில் லுங்கிகள் காய்ந்தன. ஒரு வண்டியின் நிழலில் ஸ்டவ் மீது சாம்பார் கொதித்தது.

“இன்னா பெருசு, எண்ணிகினே கீறே? ஆர்.டி.ஓ. ஆபீசா?” என்றார் கிளறிக்கொண்டிருந்த டிரைவர்.

“இல்லப்பா, சும்மாதான். வண்டியெல்லாம் எங்க போகுது?”

“எங்கயும் போவல. அதான் குந்திகினு கீறோம்.” மற்றவர்கள் சிரித்தார்கள். “முப்பத்தொண்ணாந் தேதி சாயந்தரம் பில்லக் குட்த்து, வண்டிய வெளிய எடுன்னாங்க. எடுத்தோம். இங்க நிறுத்துன்னாங்க. நிறுத்தினோம். எப்ப கூப்டறாங்களோ அப்ப போவணும். சாம்பார் துன்றியா?”

வேண்டாம் என்றேன். டீயையும் பாதியில் வைத்துவிட்டேன்.

என் கலக்கத்துக்குக் காரணம் இதுதான். மார்ச் முப்பத்தொன்றோடு கணக்கு ஆண்டு முடிகிறது. கார் கம்பெனி ஏப்ரலில் வாங்கப்போகும் சரக்குக்கு மார்ச்சிலேயே பில் போட்டு, சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டால் காகிதத்தில் அது விற்பனை. உண்மையில் அது நம்முடைய சரக்குதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. அந்த ஆண்டு விற்பனை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் புதிய ஷெட்டுக்குக் கடன் என்று வங்கி எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை நானே முந்தைய கூட்டத்தில் படித்திருந்தேன்.

மே மாதக் கூட்டம் வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்று மாலையே வண்டிகள் போய்ச் சேர்ந்திருக்கலாம். எனக்குக் கண்புரை வேறு இருக்கிறது, பெயரைத் தப்பாகப் படித்திருக்கலாம். நிர்வாக இயக்குநரிடம் போனில் கேட்டால் முன்கூட்டியே எச்சரித்ததாகிவிடும். கேட்காமல் போனால் பதுங்கியிருந்து பிடித்ததாகிவிடும். நாற்பது வயதுக்காரர். உற்பத்தி லைன் நின்றுபோன மாதத்தில்கூட ஆட்களுக்குச் சம்பளத்தை நிறுத்தாதவர். போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசிவரை பேசவில்லை.

கூட்டத்தில் விற்பனைத் தொகை வங்கி சொன்ன அளவை மயிரிழையில் தாண்டியிருந்தது. தணிக்கையாளர் அம்மா, மார்ச் கடைசி வாரத்து பில்களையும் கேட் சீட்டுகளையும் ஒப்பிட்டதில் எல்லாம் பொருந்துவதாகச் சொன்னார்.

“நம்ம கேட்டை விட்டு வெளிய போனதுக்குச் சீட்டு இருக்கும்மா. அவங்க கேட்டுக்குள்ள வாங்கினதுக்கு?” என்றேன்.

“மாதிரிக்கு எடுத்த பில்லுக்கெல்லாம் பார்த்தோம் சார். எல்லா பில்லுக்கும் பார்க்கல.”

லாரிகளைப் பற்றிச் சொன்னேன். நிர்வாக இயக்குநர் சிரித்தார். “சார், நம்ம ரோட்ல லாரி நிக்காத நாள் உண்டா?”

“அவங்க கேட்ல நின்னிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். நம்ம பின்சுவத்துக்கிட்ட நின்னுச்சு.”

“லாரி எண்ணவா போனீங்க?”

“டீ குடிக்கப் போனேன்.”

குழுவின் இன்னொரு உறுப்பினர் தம்ளருக்குள் சிரித்துவிட்டு இருமினார். நிர்வாக இயக்குநர் சிரிக்கவில்லை.

“அதே சரக்கு, அதே கஸ்டமர், அதே பணம். நாலு நாள் முன்னபின்ன. இதுல யாருக்கு சார் நஷ்டம்? ஷெட்டுக்கு ஆள் எடுத்தாச்சு. தென்காசி, தூத்துக்குடியிலிருந்து பசங்க பெட்டியக் கட்டிட்டு நிக்கிறாங்க. அவங்ககிட்ட என்ன சொல்றது?”

“பேங்க்ல கேட்டது, மார்ச் முடிய எவ்வளவு வித்தீங்கன்னு. நாம எழுதியிருக்கிற பதில் தப்போன்னு பயமா இருக்கு. அது தெரியாம என்னால சரின்னு சொல்ல முடியாது. என் மறுப்பைக் குறிப்புல எழுதிக்குங்க” என்றேன்.

பிறகு தணிக்கையாளர் அம்மா, கார் கம்பெனி சரக்கை வாங்கிக்கொண்ட தேதிகளைக் கேட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் என்றார்கள். சாப்பாட்டில் நிர்வாக இயக்குநர் தானே வந்து என் தட்டில் வடை வைத்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தேதிகள் வந்தன. பதினோரு வண்டிச் சரக்கும் ஏப்ரல் நான்குக்குப் பிறகே வாங்கப்பட்டிருந்தது. தணிக்கையாளர் அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். விற்பனை வங்கி சொன்ன அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது.

நிர்வாக இயக்குநர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். “மாத்திடுங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “பேங்குக்கு நீங்களும் வரணும் சார். நான் தனியாப் போய் இதைச் சொல்ல முடியாது” என்றார்.

போனேன். அந்த வாரம் முழுக்க இதிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்று யோசித்தும், போனேன். வங்கி அதிகாரி, ஏப்ரலிலேயே கம்பெனி அனுப்பியிருந்த தாளையும் இப்போது திருத்திய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“முதல்ல அனுப்பின தொகை வேற. இதை யார் கண்டுபிடிச்சது?”

“நாங்களேதான் சார். எங்க போர்டுலயே” என்றார் நிர்வாக இயக்குநர்.

பொய் என்று சொல்ல முடியாது. முழுவதும் உண்மை என்றும் சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தேன், அதிகாரி என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டேன். அரையாண்டு விற்பனையைப் பார்த்துவிட்டுக் கடனை மறுபடி பரிசீலிக்கலாம் என்றார் அவர்.

திரும்பும் வழியில் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் பஸ்களுக்கு நடுவே கார் நின்றது. நிர்வாக இயக்குநர் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுக்குப் போன் போட்டார். “அண்ணே, பசங்க வர வேணாம்னு சொல்லல. இப்ப வர வேணாம்னு சொல்றேன். செப்டம்பர் தாண்டட்டும்.” மறுமுனையில் அந்த ஆள் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அவர் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டு போனை வைத்தார்.

“‘நாங்களே’ன்னு சொன்னது தப்பா சார்?” என்று கேட்டார்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். இன்னும் சொல்லவில்லை.