மஞ்சள் பூசிய ஸ்பேசர்

சூர்யகலாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பேச்சுதான் குறையும். சந்தவாசல் ஜீப் ஸ்டாண்டில் எல்லோருக்கும் அது தெரியும். ஆரணியில் பட்டுத் தறி நெய்யும் லோகநாதனின் மனைவி அவள். தறிக்குழியில் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி லைசென்ஸ் எடுத்து, நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினாள். மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர்களை ஏற்றிப்போய் மாலையில் இறக்கிவிடுவாள். அந்தச் சவாரி போனால் வண்டியை விற்றுவிட்டுத் தறிக்குழிக்கே திரும்ப வேண்டியதுதான்.

மழைக்குப் பிறகு மலைப்பாதை சேறாகிவிட்டதால் அகலமான டயர் மாட்டினாள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே போய் உரசியது. சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ள ஸ்பேசர் வேண்டும். சக்கரத்துக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவில் வைக்கிற தடித்த உலோக வளையம் அது. ஸ்டீலிலும் வரும், அலுமினியத்திலும் வரும்.

சூர்யகலா பல நாள் விசாரித்தாள். ஸ்டீல் கனம், தன் வண்டியின் பழைய பேரிங் அந்தக் கனத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஓடைத் தண்ணீரில் துருப்பிடித்து ஹப்போடு ஒட்டிக்கொண்டால் கழற்றுவதும் பாடு. அச்சில் வார்த்த மட்டமான அலுமினியம் விரிசல் விடும். அடித்து உருவாக்கிய நல்ல அலுமினியமாக, ஹப்பின் அளவுக்கே கச்சிதமாகப் பொருந்துவதாக இருந்தால் பயமில்லை. அப்படிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

ஸ்டாண்டே சிரித்தது. இட்லி குண்டான் செய்கிற சாமானில் மலையேறுவதா என்று கேட்டார்கள். தன் ஜீப்பில் ஸ்டீல் ஸ்பேசர் மாட்டியிருந்த பொன்னுசாமி அவளிடம் பேசாமல், தறியை விட்டு அன்றைக்கு உடன் வந்திருந்த லோகநாதனிடம் போய், “சொல்லிவைப்பா உன் வூட்டுக்காரிக்கு” என்றார். வண்டி அவளுடையது, ஓட்டுவது அவள், அடிபட்டால் அடிபடுவதும் அவள். புத்தி சொல்வது மட்டும் அவள் புருஷனுக்கு!

ஆரணியில் வேணுகோபால் மெக்கானிக் கடையில்தான் ஸ்பேசரை மாட்டினார்கள். தறிக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் ஏற்றாத ஊர் அது. வேணுகோபாலும் மஞ்சளைக் குழைத்து நான்கு ஸ்பேசரிலும் இரண்டு பக்கமும் பூசிக் குங்குமம் வைத்தார். சூர்யகலா கைகூப்பி நின்றாள். மலைக்குப் போகிற வண்டி, இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று சொன்னவளும் அவளே.

அடுத்த வாரம் ஒரு மாலை டீச்சர்களோடு இறங்கும்போது மலை வளைவு ஒன்றில் முன்சக்கரம் தடதடத்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தாள். நட்டுகள் கையாலேயே சுற்றின. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. டீச்சர்கள் பயந்து வேறு வண்டியில் ஏறிப் போய்விட, அவள் நட்டுகளை முறுக்கிக்கொண்டு மெல்ல உருட்டிக் கீழே வந்தாள். அவளுக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது: அலுமினியம் உடைந்துவிட்டதாம். தலைமையாசிரியை ஹேமலதா தயங்கித் தயங்கி, நாளையிலிருந்து பொன்னுசாமி வண்டியில் போகிறோம், ஸ்டீல் மாட்டினால் மறுபடி பார்க்கலாம் என்றார். உடைந்ததா என்று வந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, ஸ்பேசரையும் கழற்றினாள். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஹப்பிலும் ஸ்பேசரிலும் மஞ்சள் அடையாய்க் காய்ந்து, தொட்டால் பொடியாய் உதிர்ந்தது. இரும்போடு உலோகம் படிந்து உட்கார வேண்டிய இடத்தில் மஞ்சளை நம்பி நட்டு முறுக்கியிருக்கிறார்கள். மஞ்சள் உதிர உதிர நட்டு தளர்ந்திருக்கிறது. கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லவும் ஆளில்லை. வேணுகோபாலிடம் போய்ச் சொன்னதற்கு, சாமி காரியத்தில் குற்றம் பார்க்கக் கூடாது என்றார். அவளுக்கு அவர்மேல் வந்த கோபத்தில் பாதி, கைகூப்பி நின்ற தன்மேலும் இருந்தது.

எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்து மாட்டி முறுக்கினாள். அப்போதுதான் உறைத்தது: பொன்னுசாமியும் அதே கடையில்தானே மாட்டினார்?

மறுநாள் காலை டீச்சர்கள் பொன்னுசாமி வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சூர்யகலா தன் ஜீப்பைக் கொண்டுபோய் அந்த வண்டிக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

“இன்னா தங்கச்சி, சவாரி போச்சுன்னு ரோட்ட மறிச்சிகினு நிக்கிற? பேஜார் பண்ணாத, ஜல்தி எடு.”

“ஒரு சக்கரத்த கழட்டிக் காட்டுங்கண்ணா. எடுத்துடறேன்.”

“என்னுது ஸ்டீலும்மா. உன்னுது மாதிரி குண்டான் இல்ல.”

“மஞ்சளுக்கு ஸ்டீலு, குண்டானுல்லாம் தெரியாதுண்ணா. கழட்டுங்க.”

பொன்னுசாமி சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஹேமலதா முதலில் இறங்கினார். மற்ற டீச்சர்களும் இறங்கினார்கள். பொன்னுசாமி முணுமுணுத்துக்கொண்டே முன்சக்கரத்தில் ஸ்பேனரை வைத்தார். முதல் நட்டே அழுத்தாமல் சுற்றியது. ஸ்பேசர் வெளியே வந்தபோது கறுத்த ஸ்டீலிலிருந்து மஞ்சள் தூள் அவர் லுங்கியில் கொட்டியது.

ஹேமலதா தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு சூர்யகலாவின் ஜீப்புக்கு வந்தார். ஏறுவதற்கு முன் தணிந்த குரலில், “எதுக்கும் நீயும் ஸ்டீலே போட்டுட்டா எங்களுக்கு ஒரு தைரியமா இருக்கும்மா” என்றார்.

சூர்யகலா சாவியைப் போட்டாள்.

“மாத்த மாட்டேன் டீச்சர். பாதி வழியில நிறுத்தி நட்ட முறுக்கிப் பாப்பேன். லேட்டாவும். இஷ்டம்னா ஏறுங்க.”

ஏறினார்கள்.