ரோஸ்லின் அக்காவின் ஒரே மூச்சு

ரோஸ்லின் அக்கா போய்விட்டார். இன்று காலை... மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே.

நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் பில் போடுவாரே, கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே தேடுவாரே... அவர்தான். சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடம் முதல் வரிசையில் நின்றவர்.

போய்ப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். வழக்கமான அஞ்சலி எழுத வரவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

என் தொழில் உங்களில் பலருக்குத் தெரியும். பாட்டுக்கு இசை சேர்த்து, பாடியதைப் பதிவு செய்து மிக்ஸ் பண்ணிக் கொடுப்பது. முத்தாபுதுப்பேட்டை ஃபிளாட்டில் ஒரு பெட்ரூம்தான் ஸ்டுடியோ.

நாலு வருடத்துக்கு முன் அக்கா, தானே எழுதிய ஒரு கிறிஸ்துமஸ் பாட்டோடு அங்கே வந்தார். ஹெட்போனை மாட்டியதும், "தம்பி, நானே என் பக்கத்துல நின்னு பாட்ற மாதிரி கீதுப்பா" என்று சிரித்தார்.

தலைக்கு மேல் ஏர்ஃபோர்ஸ் விமானம் போகும்போதெல்லாம் பதிவு பாதியில் நின்றது. நான் எரிச்சலாவேன். "போவட்டும் வுடு, அவங்களுக்கும் டூட்டிதானே" என்பார்.

நன்றாகத்தான் பாடினார். சரணத்தில் மட்டும் ஒரு நீளமான வரி... நடுவில் மூச்சு வாங்கினார், உச்சத்தில் சுருதி கொஞ்சம் இறங்கியது. மனிதர்களுக்கு இறங்கும்.

நான் விடவில்லை. பதினோரு முறை பாடவைத்து, அந்தப் பதினோரு டேக்கையும் வெட்டி ஒட்டினேன். மூச்சுச் சத்தத்தை எடுத்தேன். இறங்கிய சுருதியைக் கம்ப்யூட்டரில் இழுத்து மேலே ஏற்றினேன். அந்த வரி முழுக்க ஒரே மூச்சில், பிசிறில்லாமல் போனது.

அவரிடம் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் யாரும் சொல்வதில்லை... ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. முடிந்த பாட்டைக் கேட்டதும் அக்கா அழுதுவிட்டார். "இன்னாப்பா இது... நானா பாட்னேன்? நெஜமாவே நானா?"

"நீங்கதான்கா. வேற யாரு?" என்றேன். அவர் அழுதது எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

பாட்டு சர்ச் வாட்ஸ்அப் குரூப் எல்லாம் சுற்றியது. ஸ்டுடியோவுக்குப் புதுசாக யார் வந்தாலும் நான் முதலில் போட்டுக் காட்டியது அந்த வரியைத்தான்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அதையே நேரில் பாடச் சொன்னார்கள். அந்த வரியில் மூச்சு அறுந்து அக்கா நின்றுவிட்டாராம். நான் போகவில்லை, வேறு வேலை. "ரெக்கார்டுல நல்லா பாடினாங்களே" என்று யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

ஜனவரியில் மாத்திரை வாங்கப் போனேன். கவுண்டர் மேல் குனிந்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, உன்கிட்ட பாட்றப்போ வந்துச்சே... இப்போ ஏன் வரமாட்டேங்குது? தொண்டைல ஏதாச்சும் ஆயிட்ச்சா?"

கடையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன் நான். அன்றைக்கு மட்டும் வாயில் என்ன கொழுக்கட்டையா?

"ஸ்ட்ரெயின் ஆகியிருக்கும்கா. கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுங்க" என்றேன்.

கொடுத்தார். மோரை விட்டார், ஐஸ் தண்ணீரை விட்டார், தினமும் ஆவி பிடித்தார். ஆவடியில் தொண்டை டாக்டரையும் பார்த்திருக்கிறார். ஒன்றுமில்லை என்ற டாக்டரை நம்பவில்லை... என்னை நம்பினார். இதெல்லாம் இன்று அவர் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஈஸ்டருக்குப் போனபோது அவர் பாடகர் குழுவில் இல்லை. வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு பாட்டு போச்சுப்பா. நீ நல்லா கீறியா?" என்றார்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு மாத்திரைக்கு வேறு கடை.

இன்று அக்கா வீட்டில் ஃப்ரீசர் பெட்டி பக்கத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். அந்தப் பாட்டுதான், திரும்பத் திரும்ப. அந்த வரி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "எவ்ளோ மூச்சு பாரு" என்கிறார்கள்.

அவர் கணவர் தேவராஜ் அண்ணன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கொரலு போறதுக்கு முன்னாடி நீ புட்ச்சி வச்சிட்டியேப்பா. அது இல்லன்னா எங்ககிட்ட இன்னா கீது?"

தலையாட்டினேன். இன்றைக்கும்.

வந்ததும் பழைய ஃபைலைத் திறந்தேன். நான்காவது டேக். அந்த வரியில் மூச்சு வாங்குகிறார், கொஞ்சம் இறங்குகிறார், பிடித்துக்கொண்டு மேலே போகிறார். நன்றாக இருக்கிறது. அன்றைக்கே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அண்ணனும் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். நேரில் சொல்ல தைரியமில்லாமல் இங்கே எழுதுவதும் கோழைத்தனம்தான். கமெண்ட்டில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

அக்கா... அந்த வரியை அப்படி யாராலும் பாட முடியாது. நான் ஒட்டிய வரி அது.

உங்கள் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா. போய் வாருங்கள்.