நாலே முக்கால் அங்குலம்

கண்ணாடியின் அகலம் பதினைந்தே கால் அங்குலம். அளந்தவன் நான். ஆகவே பின்னர் நடந்தவற்றில் எனக்குப் பங்கில்லை என்று எழுத முடியாது.

எண்பதுகளின் தொடக்கம். கரம்பொனில் எங்கள் வாசிகசாலைக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவதென்று ஊர் சேர்ந்து முடிவெடுத்திருந்தது. இருபது அங்குலப் பெட்டி என்று கூட்டத்தில் தீர்மானமானது. அதைக் கொண்டுவரும் பொறுப்பு, வழக்கம்போல, கொழும்புக்குப் போய்வருகிறவரிடம் விடப்பட்டது.

அவருக்கு அதுதான் தொழில். வியாழக்கிழமை காலையில் பஸ் தரிப்பில் நிற்பார். ஊர்ச்சனம் துண்டுக் கடதாசிகளைக் கொண்டுவந்து கொடுக்கும்: மூக்குக்கண்ணாடி, வலைக்கு நைலோன் நூல், தையல் மெசினுக்கு வார், இங்கே கிடைக்காத மருந்து. சனிக்கிழமை சாமான்களோடு வந்து இறங்குவார். எந்தக் கடையில் வாங்கினார், எப்படி வாங்கினார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கிவிட்டால் அவருக்குத் தொழில் இல்லை. இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பெட்டி வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் வாசிகசாலையில் கூடினார்கள். மட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்கள். வாசிகசாலைத் தலைவர் கதவடியில் நின்றபடியே பார்த்தார். தென்பகுதிப் பட்டணம் ஒன்றில் துணிக்கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர் அவர்.

“உது இருபதோ?” என்றார்.

“இருபதுதான் அண்ணை. மட்டையிலை எழுதிக் கிடக்கு,” என்றார் கொண்டுவந்தவர்.

“எழுதினது கிடக்கட்டும். நான் சீவியம் முழுக்கத் துணி அளந்தனான். எனக்குக் கண் பாத்தாத் தெரியும்.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீர் பேப்பரிலை படம் அளக்கிறனீர். ஒருக்கா அளந்து சொல்லும் பாப்பம்.”

அந்த நாட்களில் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பக்கம் அமைக்கும் வேலையில் இருந்தேன். எங்களுக்குப் படம் என்றால் இரண்டு எண்கள். இத்தனை அகலம், இத்தனை உயரம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு உருக்கு அடிமட்டம் இருக்கும். அதை எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன். அகலம் பதினைந்தே கால். உயரம் பதினொன்றரை. அச்சுப்பிழை பார்க்கும்போது வாசிப்பதுபோல இரண்டு தரம் உரத்து வாசித்தேன்.

“அப்ப நாலே முக்கால் இஞ்ச் எங்கை போனது?” என்றார் தலைவர்.

“ரெயில் வெக்கையிலை சுருங்கிப் போச்சாக்கும்,” என்றார் சம்மாட்டி. இரண்டு வள்ளமும் வலைகளும் வைத்திருந்த அவர் நிர்வாகக் குழுவில் மற்றொருவர். பின்வரிசையில் சிரித்தார்கள்.

“கடைக்காரன் இருபதெண்டுதான் தந்தவன். நான் அளந்து பாக்கேல்லை,” என்றார் கொண்டுவந்தவர்.

“அளவாமல் வாங்கினனீரோ?”

“நீங்கள் இருபதெண்டு எழுதித் தந்தனீங்கள். எங்கை அளக்கிறதெண்டு எழுதேல்லையே அண்ணை.”

“எங்கை அளக்கிறதோ? ரீவியை அகலத்திலை அளக்காமல் பின்னை முதுகிலையோ அளக்கிறது?”

நான் அத்தோடு விட்டிருக்கலாம். மட்டையின் அடியில் ஒட்டியிருந்த நாடா மண்ணிறம், மேலே ஒட்டியிருந்தது வெள்ளை. வந்ததிலிருந்தே அது என் கண்ணில் நின்றது. “மேலை வேறை ரேப் ஒட்டிக் கிடக்கே, அண்ணை?” என்று கேட்டேன்.

“யாழ்ப்பாணத்திலை இறக்கேக்கை மழை தம்பி. உள்ளுக்கு ஈரம் போச்சுதோ எண்டு திறந்து பாத்திட்டு ஒட்டினனான்.”

உடனடியாக வந்த, பொருத்தமான பதில். என் தொழிலில் இருப்பவர்கள் நம்பத் தயங்குவது அப்படிப்பட்ட பதில்களைத்தான். நான் மேலே ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததை மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு அவர் வந்து விளக்கம் சொல்லவேண்டும் என்று முடிவானது.

புதன்கிழமைக்குள் கதை வளர்ந்துவிட்டது. உண்மையான இருபது அங்குலப் பெட்டி நயினாதீவில் அவருடைய மைத்துனர் வீட்டில் இருக்கிறதாம். வழியில் மாற்றிவிட்டாராம். யார் பார்த்தது என்று மூன்று பேரிடம் கேட்டேன். முதலாமவர் இரண்டாமவரைச் சொன்னார், இரண்டாமவர் மூன்றாமவரைச் சொன்னார், மூன்றாமவர் மோட்டர்ப் படகில் வந்த யாரோ என்றார். எங்கள் பத்திரிகைக் கந்தோரில் இப்படி ஒரு செய்தி வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். ஊரில் அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவர் நின்ற தரிப்பில்தான் நானும் பஸ்ஸுக்கு நின்றேன். வழக்கமாகப் பத்துப் பதினைந்து துண்டுகள் சேரும். அன்று இரண்டு. அதில் ஒன்றைத் தந்தவர் வெளியூர்க்காரர், கதை அறியாதவர். துண்டுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீதியைப் பார்த்தபடி நின்றார்.

அன்று பின்னேரம் கந்தோரில் ஒரு படத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. அதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. படத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு கீறுவோம். வேண்டிய அகலத்தை அடியில் குறித்து, அங்கிருந்து நேரே மேலே போனால் கோட்டைத் தொடும் இடத்தில் உயரம் கிடைக்கும். ஆயிரம் தரம் கீறியிருப்பேன். கோட்டின் நீளத்தை ஒருநாளும் வாசித்ததில்லை, அது எங்களுக்குத் தேவையில்லை. அந்தப் படம் எட்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். அடிமட்டத்தைச் சரிவாக வைத்தபோது மற்ற மூலை பத்தில் நின்றது.

எட்டு, ஆறு, பத்து. இரண்டு மடங்காக்கினால் பதினாறு, பன்னிரண்டு, இருபது.

வீதிக்கு எதிர்ப்பக்கம் வானொலி திருத்துகிற ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன். தொலைக்காட்சியை மூலைக்கு மூலைதான் அளப்பது, அகலம் நாலு பங்கென்றால் உயரம் மூன்று, மூலைக்கு மூலை ஐந்து என்றார். இருபதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு நாலு. அகலம் பதினாறு, உயரம் பன்னிரண்டு. நான் அளந்ததிலோ அகலத்தில் முக்கால் அங்குலமும் உயரத்தில் அரை அங்குலமும் குறைந்தன. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. கண்ணாடியின் ஓரம் முன்சட்டத்துக்கு உள்ளே மறைந்திருக்கும், கம்பனிக்காரன் மறைந்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பான். எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. நாலே முக்காலுக்குப் பதிலாக இப்போது முக்கால் அங்குலம் காணாமற்போயிருந்தது.

ஞாயிறு கூட்டத்தில் கண்ணாடிக்குக் குறுக்கே மூலைக்கு மூலை நூல் பிடித்துக் காட்டினேன். பத்தொன்பது வந்தது.

சம்மாட்டி யோசித்தார். “மூலைக்கு மூலையெண்டால் வலைக்கண் மாதிரி. மூண்டு இஞ்ச் வலையெண்டால் கண்ணை இழுத்து மூடி, முடிச்சுக்கு முடிச்சு மூண்டு. ஒரு பக்கம் ஒண்டரைதான் வரும். அப்பிடிப் பாத்தா உதிலை ஒரு பக்கம் பத்து வரவேணும். பதினைஞ்சு கிடக்கு. ஏன் கூடத் தந்தவன்?”

“வலையை இழுக்கலாம் அண்ணை. கண்ணாடியை இழுக்கேலாது,” என்றேன்.

“எண்டாலும் கூடத் தாறவனை நம்பேலாது.”

“கூடத் தந்தது இருக்கட்டும். இருபதுக்கு ஒரு இஞ்ச் குறையுதெல்லோ?” என்றார் தலைவர்.

சட்டத்துக்குள் இருக்கலாம் என்று சொன்னேன். ‘இருக்கலாம்’ என்று சொன்னதை எல்லோரும் கவனித்தார்கள்.

கொண்டுவந்தவர் எழுந்தார். கையில் திருப்புளி. “நானே கழட்டிறன். எல்லாரும் பாருங்கோ.”

“கழட்டினால் கம்பனிக்காரன் பிறகு பொறுப்பெடுக்க மாட்டான்,” என்றார் தலைவர்.

“அப்ப நம்புங்கோ. ரெண்டிலை ஒண்டு.”

வெளியே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்காமலே யன்னலில் கைவைத்து நின்று பார்த்தார். கடைசியில் தலைவர், “கழட்டும்,” என்றார்.

பின்மூடி கழன்று வந்தது. முன்சட்டத்துக்குப் பின்னால் கண்ணாடியின் ஓரம் சுற்றிவரத் தெரிந்தது. “நீர்தானே அளந்தனீர். நீரே அளவும்,” என்று கொண்டுவந்தவர் எனக்கு இடம் விட்டார். முன்பு என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். உள்ளே எதிலும் உருக்குப் படக்கூடாது என்று வானொலி திருத்துகிறவர் எச்சரித்திருந்ததால் ஒரு மர அடிமட்டம் கொண்டுபோயிருந்தேன். மேல் ஓரம், பதினாறு. பக்க ஓரம், பன்னிரண்டு. இம்முறை ஒரு தரம்தான் வாசித்தேன்.

“சரி,” என்றார் தலைவர். அவ்வளவுதான்.

“எங்கடை சாமானை எங்களுக்குத் தெரியாமல் மூடி வைக்கிறது என்ன வேலை? கம்பனிக்காரன்தான் கள்ளன்,” என்றார் சம்மாட்டி.

கொண்டுவந்தவர் ஒவ்வொரு ஆணியாகத் திருப்பி முடுக்கினார். ஒருவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வியாழன் தரிப்பில் எட்டொன்பது பேர் நின்றார்கள். நானும் ஒரு துண்டு எழுதிக்கொண்டு போனேன், ஒரு சோடிச் செருப்புக்கு. அவர் துண்டை வாங்கவில்லை. அப்பியாசக் கொப்பி ஒன்றை நீட்டினார்.

“உதிலை எழுதும். அளவு என்ன?”

“பத்து இஞ்ச்.”

“பத்தெண்டால் எங்கையிருந்து எங்கை?”

“குதியிலையிருந்து பெருவிரல் மட்டும்.”

“அதையும் எழுதும். கீழை கையெழுத்தை வையும்.”

எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற சம்மாட்டியிடம் கொப்பியை நீட்டினார்.