கிரகணத்துக்கு வந்த கார்டுகள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தறி வேலை போக மிச்ச நேரத்தில் வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவேன். கிரகணம் வெறும் நிழல்தான், கர்ப்பிணிகள் வெளியே வந்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு கிரகணத்துக்குச் சில வாரம் முன்பு எழுதினேன். என் திருத்தணி விலாசத்தோடு அதைப் போட்டுவிட்டார்கள்.

முகம் தெரியாதவர்களிடமிருந்து தபால் கார்டுகள் வந்தன. ‘தறிக்காரனுக்கு விஞ்ஞானம் எதற்கு?’ என்றது ஒன்று. ‘எந்தக் கட்சிக்காகக் கூவுகிறாய்?’ என்றது இன்னொன்று. திருச்சிக்காரர் ஒருவர், ‘உன் பெண்டாட்டியை வெளியே அனுப்புவாயா?’ என்று கேட்டிருந்தார். தபால்காரர் கார்டுகளைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். தெருவே சிரித்தது.

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். கிரகணத்தன்று விடிந்ததுமே ஜன்னலில் சாக்கைக் கட்டிக் கதவைச் சாத்தினேன்.

“இன்னா பாவா, ஊருக்கெல்லாம் எழுதிகினு என்னை மட்டும் பூட்டி வெக்கிறே?” என்றாள் மனைவி.

“எதுக்கு வம்பு? உள்ளயே இரு.”

மறுநாள் திருச்சிக்காரருக்கு, ‘என் மனைவி வாசலில் நின்று கிரகணம் பார்த்தாள்’ என்று எழுதினேன். பழக்கத்தில் அதையும் கார்டிலேயே எழுதித் தபால்காரரிடம் கொடுத்தேன். அவர் வாசலில் நின்று படித்துவிட்டு உள்ளே பார்த்துக் கேட்டார்: “இன்னாம்மா, மெய்யாலுமே நின்னியா?”

“நான் நிக்கல” என்றாள் என் மனைவி. “நின்னேன்னு சொன்னா நாளைக்குக் கொழந்தைக்கு எது வந்தாலும் இந்தத் தெருவே என்னைத்தான் சொல்லும். எழுதினவரு வந்து பதில் சொல்லுவாரா?”

கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். திருச்சிக்காரருக்கு நான் பதில் அனுப்பவே இல்லை.