இனிஷியல் மாறிய கட்டுரைகள்

யானைக்கால் நோய் வந்தவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எப்படி வேலை செய்கிறது, சில சமயம் ஏன் வேலை செய்யாமல் சோம்பிக் கிடக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் முதல் கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்ததும், திருவண்ணாமலைக்கு பஸ் ஏறி அதை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா வருவாய்த் துறையில் குமாஸ்தா. மாவட்டம் பிரிந்த எண்பத்தொன்பதில் மாற்றலாகி வந்து, வேங்கிக்காலில் வீடு கட்டியவர். அந்த இங்கிலீஷ் கட்டுரையை அவர் படிக்க முயலவில்லை. என் பெயருக்கு முன்னால் தன் பெயரின் முதலெழுத்து அச்சாகியிருந்ததைப் பார்த்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

ஒரு கட்டுரையின் மதிப்பு, பின்னால் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னது நான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"இன்னாம்மா, இப்ப எத்தினி பேரு உன்ன சொல்லிருக்காங்க?"

நான் சொல்லும் எண்ணிக்கை மறுநாள் தேரடி வீதி டீக்கடையில் நன்றாக வளர்ந்திருக்கும். ஜப்பான்காரர் ஒருவர் மேற்கோள் காட்டியதை, ஜப்பானே என்னிடம் பாடம் கேட்கிறது என்கிற அளவுக்குக் கொண்டுபோனார். எனக்கு மானம் போகும். உள்ளுக்குள் பிடிக்கவும் செய்தது, பொய் சொல்வானேன்.

பிறகு கல்யாணம் ஆனது. என் இனிஷியலைப் பற்றிக் கணவருக்கு ஒரு கவலையும் இல்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். அப்பாதான் பிடிவாதமாக நின்றார்.

"கல்யாணமாகியும் எங்க எழுத்தையே போட்டுக்கினு இருந்தா மாப்ள வீட்ல இன்னா நினைப்பாங்க? ரேஷன் கார்டு, பாஸ்போர்ட்டு, உன் கட்டுரை எல்லாத்துலயும் மாத்திடு. ரெக்கார்டுல ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு இருக்கக் கூடாது."

"பழைய கட்டுரைங்க அந்தப் பேர்லதானப்பா இருக்கு?"

"பட்டா மாத்துறதில்லியா? பேரு மாறுனா நெலம் எங்கம்மா பூடும்? கூடவே வரும்."

பட்டா மாற்றல் மனுக்களைப் பார்த்தே முடி நரைத்தவர் அவர். எனக்கும் சரியென்றுதான் பட்டது. அதன்பின் எழுதியதெல்லாம் கணவரின் எழுத்தோடு வந்தது. உலகத்துக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் கணக்கெடுக்கும் அட்டவணைக்கு இனிஷியல் மாறினால் ஆளே வேறு என்பதும், போய் முறையிட அங்கே தாசில்தார் யாரும் இல்லை என்பதும் எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, எனக்கென்று தனி ஆய்வகம் கிடைக்கக்கூடிய ஒரு பதவிக்கு விண்ணப்பித்தேன். அதைவிடப் பெரிதாக வாழ்க்கையில் நான் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. தேர்வுக் குழுவில் ஒருவர், கம்ப்யூட்டரில் என் பெயரைத் தேடி எடுத்த தாளைக் கையில் வைத்திருந்தார். அதில் கல்யாணத்துக்குப் பின் எழுதியவை மட்டுமே இருந்தன. எல்லாம் புதியவை, மேற்கோள் கம்மி.

"உங்கள் துறையில் எல்லோரும் எடுத்துச் சொல்கிற பழைய கட்டுரை ஒன்று இருக்கிறதே, அதை எழுதிய அம்மா அப்புறம் ஆராய்ச்சியை விட்டுவிட்டாரா?" என்று கேட்டார்.

"நான்தான் சார் அது."

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். திருமணச் சான்றிதழை எடுத்துக் காட்டினேன். நம்புகிறோம், ஆனால் மதிப்பெண் அட்டவணைப்படி போட்டாகிவிட்டது, இனி திருத்த வழியில்லை என்றார்கள். பதவி வேறொருவருக்குப் போயிற்று.

அந்த வாரமே ஊருக்குக் கிளம்பினேன். கீழ்பென்னாத்தூர் தாண்டும்வரை அப்பாவிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். ஓய்வு பெற்று, சர்க்கரை வந்து, ஆள் தளர்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால், மகளின் பிழைப்பைத் தானே கெடுத்துவிட்டோம் என்று சோறு தண்ணி இறங்காமல் கிடப்பார். பதவி கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"உனக்குத் தர்லன்னா, வேற யாருக்கும்மா குடுத்தாங்க?"

"வேற ஒருத்தருக்குப்பா."

"உன்ன விட அவர ஜாஸ்தி பேரு சொல்லிருக்காங்களா?"

"ஆமாம்பா."

"அப்ப அதான நாயம்," என்று தலையாட்டினார். சமாதானமாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்து நான் போனபோதெல்லாம் சாப்பிட்டியா, பஸ்ஸில் கூட்டமா என்று விசாரித்தார். எத்தனை பேர் என்று கேட்கவேயில்லை. டீக்கடையிலும் என் பேச்சை எடுப்பதில்லை என்று அம்மா சொன்னாள். ஒருமுறை நானாகவே ஆராய்ச்சியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அப்பா என் தோளைத் தட்டி, "பரவால்லம்மா, எல்லாராலயும் முடியுமா," என்றார்.

பழைய இனிஷியலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினால், அந்தப் பதவிக்குப் போனவரைவிட என்னை எடுத்துச் சொன்னவர்கள்தான் அதிகம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் மகள் ஏதோ சுமாரான ஆராய்ச்சிக்காரி என்று நம்பிக்கொண்டேதான் அப்பா போய்ச் சேர்ந்தார்.