அளக்காமல் வைத்த கையெழுத்து

நான் செய்த பிழைக்கு இன்னொருவரைக் குற்றவாளியாக்கினேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு எழுபத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது.

மயிலிட்டிப் பக்கம் ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். கழிவுநீர்த் தொட்டிக்குள் எவரும் இறங்குமுன், நச்சுவாயு இல்லையென்று கருவியால் அளந்து, அனுமதிப் படிவத்தில் நான் கையெழுத்திட வேண்டும். எங்கள் கோயில் தேருக்கு விடுமுறை எடுத்ததால், முதல் நாளே அளக்காமல் கையெழுத்திட்டு வைத்தேன். மறுநாள் நான் தேர்வடம் பிடித்தபோது, கருவியை வைத்துப் பூட்டிய மேசை லாச்சியின் சாவி என் மடியில் இருந்தது.

படிவத்தை நம்பி இறங்கிய தொழிலாளி மரியதாஸ் உள்ளே மயங்கி விழுந்தார். இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்தெடுத்தார்கள். உயிர் தப்பினார், கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. நான் படிவத்தைக் கிழித்துவிட்டு, விசாரணையில் "கேளாமல் இறங்கிவிட்டார்" என்றேன். அவருடைய வேலை போனது.

சென்ற மாதம் உண்மையை எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னட்டைச் சொல்லி என்ன ஐயா? எனக்குத் தெரிஞ்சதுதானே. மனிசிக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. கேளாமல் இறங்கின விசரன் எண்டு இண்டைக்கும் ஏசுறா."

அவர் மனைவி குசினி வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

"ஏனப்பா, அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். ஐயா பொய் சொல்லமாட்டார் எண்டு நீதானே சொன்னனீ."

அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.